மாலையில் கிழிக்கும் தேதி

எங்கள் வீட்டில் நாள் மாலையில் தொடங்குகிறது. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் மறுநாள் தேதி வந்துவிடும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சிலர் தயங்கியபடி, "ரெண்டு தாள் சேர்ந்து கிழிஞ்சிடுச்சு போல" என்பார்கள். சரியாகத்தான் கிழித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் காபி போடப் போய்விடுவேன். காரணத்தைச் சொல்வதற்கு ஒரு காபி நேரம் போதாது.

கிழிப்பவள் என் மகள். தொண்ணூற்றொன்றில் பிறந்தவள், இப்போது பதினாறு வயது. இந்த வழக்கம் அவளுடைய ஏழாவது வயதில், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஏற்பட்டது. அந்த வருடத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பினால், நடந்ததைவிட அழகாக எழுதிவிடுவேனோ என்று பயம்.

திருமணத்துக்கு முன்பும் பிறகு சில வருடங்களும் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். இன்ஃபன்ட்ரி ரோட்டில் ஒரு தனியார் அலுவலகம். நான் அடித்த தாளில் திருத்தம் இருக்காது என்று பெயர் வாங்கியிருந்தேன். மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவளுக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த யாரும் கேட்டிருக்கவில்லை. அடுத்த வருடம் என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். இந்தச் சொல்லை எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். நான் வேலையை விட்டேன்.

முடக்குவாதம் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது. காலையில்தான் அதன் ஆட்சி. தூங்கி எழும்போது விரல்கள் வேறு யாருடையவோ போல இருக்கும். பால் பாக்கெட்டைப் பல்லால்தான் கடித்துத் திறப்பேன். குழாயை உள்ளங்கையால் தள்ளித் திருப்புவேன். மத்தியானத்துக்கு மேல் மெல்ல இளகும். மாலை நான்கு மணி வாக்கில் அவை மறுபடியும் என் விரல்களாகிவிடும். ஊசியில் நூல் கூடக் கோத்திருக்கிறேன். பெங்களூரின் ஜூன், ஜூலைத் தூறலும் குளிரும் சேர்ந்துகொண்டால் அந்த மாலை இன்னும் தள்ளிப் போகும்.

என் மகளுக்குக் கூந்தல் அடர்த்தி. அது கழுத்தில் பட்டால் அவளால் தாங்க முடியாது. முடியை மட்டுமல்ல, மெதுவாகத் தொடுகிற எதையும் அவளால் தாங்க முடியாது. யாராவது அன்பாகக் கன்னத்தைத் தடவினால் சூடு பட்டதைப் போலத் துள்ளிப் பின்வாங்குவாள். ஆனால் அழுத்திப் பிடித்தால் அமைதியாகிவிடுவாள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டு சிரித்தபடி படுத்திருப்பாள். ஆகவே அவளுக்கு இரட்டைப் பின்னல், இழுத்து, இறுக்கி, மடித்துக் காதுக்கு மேல் ரிப்பன் வைத்துக் கட்டியது. சின்னப் பின்னல் போட்டால் போதாது. தளர்வாகப் போட்டால் பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டி உட்காருவாள். "பின்னு" என்பாள். அவளிடம் அப்போது இருந்த சில சொற்களில் அது ஒன்று.

இதில் இருந்த சிக்கலை யாரும் புரிந்துகொள்ளலாம். நான் மெதுவாகத் தொட்டால் அவளுக்கு வலி. இறுக்கிப் பின்னினால் எனக்கு வலி. அதுவும் காலையில்.

அவளுடைய காலை ஒழுங்கு மாறாதது. குளிப்பாள். மணையில் உட்கார்ந்து பின்னிக்கொள்வாள். எழுந்து போய்க் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதைக் கொண்டுவந்து என் மடியில் வைப்பாள். புதுத் தேதி கறுப்பாக இருந்தால் இட்லி சாப்பிட்டுவிட்டு ஷூ போட்டுக்கொள்வாள். சிவப்பாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை. இட்லியோடு சரி, ஷூவைத் தொடமாட்டாள். இதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் கொடுத்த காலண்டரைப் பார்த்துப் பார்த்து அவளே கண்டுகொண்டது. இதில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படி கிடையாது.

அந்த ஜூனில்தான் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அதற்கு முன் மூன்று பள்ளிகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. இது இந்த மாதிரிக் குழந்தைகளுக்காகவே ஒரு அம்மையார் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடத்தியது. கன்னடக்காரர், நல்ல தமிழும் பேசுவார். முதல் நாளே எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"நோடம்மா, எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு இடம். கேட்டுட்டு நிறைய பேர் காத்திருக்காங்க. வேன்ல வரணும், தினம் வரணும். நடுவுல நடுவுல நின்னா மத்தப் பிள்ளைங்களும் கெட்டுப்போவாங்க. தசரா வரைக்கும் பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

கண்டிப்பாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் வந்து நின்ற என் மகளின் இரண்டு தோள்களையும் கேட்காமலேயே அழுத்திப் பிடித்தார். அவள் அசையாமல் நின்றாள். இவரிடம் இவள் இருந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஜூலை வரை சமாளித்தேன். அவளை எழுப்புவதற்கு முன் பக்கெட்டில் வெந்நீர் வைத்துக் கைகளை முழங்கை வரை முக்கிவைத்திருப்பேன். என் கணவர் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். முதல் ஷிப்டு வாரங்களில் அவருடைய பஸ் இருட்டோடு போய்விடும். வெந்நீர் போட்டு வைத்துவிட்டுப் போவார். அவரே பின்னக் கற்றுக்கொள்ளவும் முயன்றார். ஜன்னல் கம்பியில் மூன்று சணல் கயிறுகளைக் கட்டிப் பழகினார். அந்தக் கயிற்றுப் பின்னல் என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது. மகளின் தலையில் கை வைத்தபோது மட்டும், அவள் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"பரவால்ல," என்றார் அவர். "இன்ஸ்பெக்‌ஷன்ல ரிஜெக்ட் ஆயிடுச்சு."

எதிர் வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் வீண் வேலையாகத் தெரிந்தது. ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். வாசலில் நின்றபடி எங்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் கவனித்துக் கருத்துச் சொல்லுவார்.

"ஏன்மா இந்தப் பாடு படறே? கிராப் வெட்டி வுட்டுரு. ஜல்தியா வேலை முடியும்."

"முடி வெட்டினா முனையெல்லாம் கழுத்துல குத்தும்க்கா. மொட்டை போட்டப்பவே முளைக்கிற வரைக்கும் தலையணையில படுக்கல அவ."

"அப்ப நீதான் செத்துகினு பின்னணும்."

"ஆமா, அப்படித்தான்."

"சரி, பின்னு," என்று அவரும் என் மகளின் குரலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. டைரியில் 'விடியற்காலையிலிருந்து தூறல்' என்று இருக்கிறது. எழுத்து என்னுடையதே அல்ல போலிருக்கிறது. மாலையில் எழுதியும் அப்படி. அன்று காலை வெந்நீர் பலிக்கவில்லை. ஆள்காட்டி விரல் மடங்க மறுத்தது. மகள் குளித்துவிட்டு வந்து மணையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். நான் முடியை மூன்று கால்களாகப் பிரித்தேன். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு இழுத்தேன். முடி விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி எடுத்தேன், நழுவியது. அவள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். ஆனால் எழுந்துகொள்ளவில்லை.

வாசலில் வேன் வந்து ஹார்ன் அடித்தது. ஓட்டுநர் சிவாஜிநகர் பக்கத்துக்காரர், உருது வீட்டில் பேசுகிறவர். இறங்கி வந்து கதவருகே நின்று பார்த்தார்.

"க்யா ஹுவா அம்மா? பாப்பா ரெடி இல்லையா?"

"கை வரல பாய். நீங்க போங்க."

"அஞ்சு நிமிசம் நிக்கவா?"

"அஞ்சு நிமிஷத்துல வராது."

அவர் என் கைகளைப் பார்த்துவிட்டுப் போனார். வேன் திரும்புகிற சத்தம் கேட்டது. இனி இவள் கத்தப் போகிறாள், சுவரில் தலையை மோதப் போகிறாள் என்று நான் தலையணையை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒழுங்கு குலைந்த நாட்களில் அப்படித்தான் நடந்திருந்தது.

அன்று நடக்கவில்லை. அவள் மணையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஈர முடி கழுத்தில் படாமல் இரண்டு கைகளாலும் உச்சிக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை வலித்தால் ஒரு கையை இறக்கி உதறிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்வாள். நான் டவலைக் கழுத்தில் சுற்றிவிட்டேன். அதை ஏற்றுக்கொண்டாள். இட்லியை நீட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை, இட்லி இன்னும் இரண்டு படி தள்ளி இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை என் கைகளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்ப்பது அவளுக்குக் கடினம், கைகளைப் பார்ப்பாள். வெந்நீரில் நான் கைகளை முக்குவதையும், எடுத்து மடக்கிப் பார்ப்பதையும், மறுபடி முக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தாள் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏழு வயதுப் பெண், அடுப்பில் பால் பொங்குகிற நேரம் கூடப் பொறுக்காதவள், அன்று பகல் முழுவதும் என் விரல்களுக்காகக் காத்திருந்தாள்.

மூன்றரைக்குக் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சணல் கயிற்று அனுபவத்தோடு இன்னொரு முறை முயன்றார். கை மறுபடியும் அவர் மடிக்குப் போனது.

நான்கு மணிக்கு மேல் விரல்கள் இளகின. பின்னினேன். இழுத்து, இறுக்கி, மடித்து, ரிப்பன் வைத்து. அவள் எழுந்தாள். நேராகக் காலண்டருக்குப் போய்த் திங்கட்கிழமைத் தாளைக் கிழித்து என் மடியில் வைத்தாள். செவ்வாய், கறுப்பு. காலையில் வைத்த இட்லியைச் சாப்பிட்டாள். ஷூ போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய் வேன் வருகிற திசையைப் பார்த்து நின்றாள்.

மழை விட்டிருந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வேலை முடிந்து வருகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"இன்னாம்மா, சாயங்காலம் ஸ்கூலா?" என்றார் எதிர் வீட்டு அக்கா.

இன்றைக்கு ஒரு நாள் நின்றாயிற்று. நாளைக்கும் இந்தக் கை இப்படியே இருந்தால் நாளையும் நிற்பாள். அந்த ஒரே ஒரு இடத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் அவளருகே போய் நின்றார். வேன் வராது என்று அவர் சொல்லவில்லை. சும்மா நின்றார். நன்றாக இருட்டிய பிறகு அவளே உள்ளே வந்தாள். தயிர்சாதம் சாப்பிட்டாள். ஷூவைக் கழற்ற விடவில்லை. பையைக் கட்டிக்கொண்டு, பின்னல்கள் அழுந்தாமல் குப்புறப் படுத்துத் தூங்கினாள்.

மறுநாள் காலை நான் எழுந்து பக்கெட்டில் கைகளை முக்கிக்கொண்டிருந்தேன். விரல்கள் நேற்றைவிட மோசம். அவள் எழுந்து வந்தாள். பல் துலக்கினாள். குளியலறையில் வைத்திருந்த வெந்நீரை அவள் தொடவில்லை. மணையைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்க்கவில்லை. பையோடு நேராக வெளியே போனாள். கைகளிலிருந்து நீர் சொட்ட நான் பின்னாலேயே ஓடினேன். பின்னல்கள் அப்படியே இருந்தன, சிலும்பல் கூட இல்லை. வேன் வந்தது. கதவு திறந்தது. ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாரே வா," என்றார் ஓட்டுநர். "இன்னிக்கு எனக்கு முன்னாடி நிக்கறாளே."

நான் அங்கேயே நின்றிருந்தேன். அவளைப் பொறுத்தவரை என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த ஒழுங்கும் குலையவில்லை. குளித்தாள், பின்னிக்கொண்டாள், தாளைக் கிழித்தாள், இட்லி சாப்பிட்டாள், ஷூ போட்டாள், நின்றாள். வேன் தாமதமாக வந்தது. நடுவில் தூங்கினாள். அவ்வளவுதான். என் கைகளால் முடியாத காலையை அவள் அப்படியே தாண்டி வந்திருந்தாள்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். அவர், "அப்படின்னா இனிமே சாயங்காலமே குளிப்பாட்டிப் பின்னிடு. அவதான் வழியக் காட்டிட்டாளே," என்றார்.

அப்படியே செய்தோம். புதன், வியாழன், வெள்ளி எல்லாம் சரியாக நடந்தது. மாலையில் குளியல், பின்னல், தாள், இட்லி, ஷூ, கேட். இருட்டியதும் உள்ளே வருவாள். காலையில் வேன். சட்னி மட்டும் மாலையில் அரைக்க வேண்டியிருந்தது. அதற்கு என் கைகளுக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் உதைத்தது. சனிக்கிழமை மாலை அவள் கிழித்தபோது வந்தது சனிக்கிழமைத் தாள், கறுப்பு. ஆகவே ஞாயிறு காலையில் கேட்டில் போய் நின்றுவிட்டாள். வேன் எப்படி வரும்? வெயில் ஏறியது. உள்ளே அழைத்தால் வரவில்லை. கணவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டு அக்கா தம் வீட்டு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் கணவர்தான் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் காலண்டர் எதிரில் நின்று பார்த்தோம். பின்னல் மாலைக்கு நகர்ந்துவிட்டது, தாள் அதற்கேற்ப நகரவில்லை. இன்று மாலை அவள் கிழித்தால் சிவப்பு வரும். நாளை திங்கட்கிழமை ஷூ போடமாட்டாள்.

"ஒரு தாள் நாம முன்னாடியே கிழிச்சிட்டா சரியாப் போயிடும்," என்றார் கணவர்.

"இன்னிக்கு முடியறதுக்குள்ள நாளைக்குத் தேதி வந்துடுங்க."

"வரட்டுமே. என்ன ஆயிடும்?"

ஒன்றும் ஆகிவிடாதுதான். ஆனால் தேதி விஷயத்தில் நான் கறார். தவறான தேதி அடித்த கடிதத்தை மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகும் வாங்கிவந்து திருப்பி அடித்தவள். ஆனாலும் அன்று மாலை மகள் குளித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சனிக்கிழமைத் தாளைக் கிழித்தேன். அவள் வந்து பின்னிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்தாள். ஞாயிறு சாயங்காலமே எங்கள் வீட்டில் திங்கட்கிழமை பிறந்தது. கறுப்பு. ஷூ, கேட், தூக்கம், காலையில் வேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேதி தவறவே இல்லை, ஒரு ராத்திரி முந்தியிருந்ததைத் தவிர.

இதைத் தெருவில் யாருக்கும் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை. எதிர் வீட்டு அக்காவின் வீட்டில் இருந்தது கன்னட மாதக் காலண்டர். அவருக்கு அதைப் படிக்க வராது. கிருத்திகை, அமாவாசை எல்லாம் எங்கள் ஜன்னல் வழியாக எங்கள் காலண்டரைப் பார்த்துத்தான். செப்டம்பரில் ஒரு சாயங்காலம், தலையில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"போச்சும்மா, எல்லாம் போச்சு. இன்னிக்குக் கிருத்திகையாமே. மத்தியானம் மூக்குப் பிடிக்க மீன் கொழம்பு தின்னுட்டு வந்து பாக்கறேன், முருகன் படம் போட்டுத் தொங்குது."

"இல்லக்கா, கிருத்திகை நாளைக்கு."

"காலண்டர்ல போட்டிருக்கே."

"அது நாளைக்குத் தாளு."

"நாளைக்குத் தாள இன்னிக்கு ஏன் மாட்டி வெச்சிருக்கே? எங்க குடியக் கெடுக்கவா?"

விவரமாகச் சொன்னேன். பின்னலில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை வரை. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து அது ஒருமுறைதான். முடிந்ததும், மணையில் பின்னலோடு உட்கார்ந்து தாளை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார்.

"அடி கில்லாடி. சாமிய விட ஒரு நாள் முந்திப் போறியா நீ? நல்லதாப் போச்சு. இனிமே மீன் வாங்கறதுக்கு முன்னாடி உங்கிட்ட வந்து கேக்கறேன்."

சொன்னபடியே அதன் பிறகு மாலையில்தான் வந்து பார்ப்பார். நாளைக்கு என்ன விசேஷம் என்று முன்கூட்டியே தெரிவதில் அவருக்குப் பெருமை. ஜன்னல் வழியாக, "நாளைக்கு இன்னா சொல்லுது பாப்பா?" என்று கேட்பார். கன்னம் தடவுவதை விட்டுவிட்டுத் தோளை அழுத்தவும் கற்றுக்கொண்டார்.

அந்த மாதத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். ஏதாவது வேண்டுமென்றால் என் மகள் கேட்கமாட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைப்பாள். எப்போதும் விரல்களைத்தான் கொத்தாகப் பிடிப்பாள், அவள் பிடிக்கிற பிடியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். ஒரு நாள் டைரி எழுதும்போது, சில வாரங்களாக எனக்கு அந்த வலி வரவில்லையே என்று தோன்றியது. மறுநாள் கவனித்தேன். பிஸ்கட் டப்பாவுக்காக வந்தவள் என் கையை மணிக்கட்டில் பிடித்தாள். தண்ணீருக்கும் மணிக்கட்டு. எப்போது மாற்றிக்கொண்டாள் என்று தெரியவில்லை. நான் பக்கெட்டில் கைகளை முக்கி முக்கி எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம். இந்தக் குழந்தைகளுக்கு அடுத்தவர் வலி தெரியாது என்று என்னிடம் சொன்னவர்கள் படித்தவர்கள். அவர்கள் யாரையும் அவள் பிஸ்கட் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

தசரா நெருங்கியது. விடுமுறைக்கு இங்கே ரஜா என்று பெயர்; அது விடுவதற்கு முன் பள்ளி அம்மையார் எங்களைக் கூப்பிட்டார்.

"நல்லா வர்றா. ஆகஸ்ட்ல ஒரு நாள்தான் வரல. ஆனா ரஜா முடிஞ்சு வரும்போதுதான் எனக்குத் தெரியும். பத்து நாள் வீட்டுல இருந்துட்டு நிறைய பிள்ளைங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், வேன்லயே ஏறாது. திறக்கற அன்னிக்கு அவ வேன்ல வரட்டும். வந்துட்டா இடம் அவளுக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் இருவருக்கும் ஒரே கவலைதான். காலண்டரில் ஆயுத பூஜையும் விஜயதசமியும் ஞாயிறும்தான் சிவப்பு. பள்ளிக்கூடத்து ரஜா அவ்வளவும் துணிக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? மற்ற நாட்கள் எல்லாம் கறுப்பு. கறுப்பென்றால் அவள் கேட்டில் நிற்பாள். வராத வேனுக்காக ஒவ்வொரு நாளும் நிற்பாள். அதற்குப் பிறகு, கறுப்பு என்றால் வேன் வரும் என்பதையே அவள் நம்பாமல் போய்விட்டால்?

"சிவப்பு ஸ்கெட்ச் பேனா ஒண்ணு வாங்கிட்டு வாங்க," என்றேன்.

ரஜாவுக்கு முந்தின நாள், அவள் பள்ளியில் இருந்தபோது, காலண்டரை இறக்கி மேசையில் வைத்தேன். கணவருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு, வீட்டில் இருந்தார். அவர் கை சுத்தமான கை, அவரே தீட்டுகிறேன் என்றார். ஆனால் அது அவள் என் மடியில் கொண்டுவந்து வைக்கிற தாள். நான்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. காலை நேரம். பேனாவை விரல்களால் பிடிக்க வரவில்லை, முஷ்டியால் பிடித்தேன். அவர் தாள் நகராமல் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டார். ஒவ்வொரு கறுப்புத் தேதியின் மேலும் சிவப்பைத் தீட்டினேன். ஓரத்தில் வழிந்தது. சில இடத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அசிங்கமான வேலையை நான் செய்ததில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பாஸ்," என்றார்.

அன்று மாலை பின்னி முடித்ததும் அவள் காலண்டருக்குப் போனாள். கிழித்தாள். நான் தீட்டிய தேதி வந்தது. அவள் உடனே திரும்பவில்லை. மூக்கை ஒட்டவைத்து முகர்ந்தாள். விரலில் எச்சில் தொட்டு எண்ணின் மேல் தேய்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. அந்த விரலைப் பார்த்தாள். இது அச்சுச் சிவப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னிடம் வந்தாள். கிழித்த தாளை மடியில் வைத்தாள். என் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில், முஷ்டி மடிப்புகளில், நான் எவ்வளவு கழுவியும் போகாத சிவப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இட்லி சாப்பிட்டாள். கதவோரம் எடுத்து வைத்திருந்த ஷூவைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டாள்.

ஏமாந்து போய் அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. யார் போட்ட சிவப்பு என்று தெரிந்துதான் ஏற்றுக்கொண்டாள். அன்றைய டைரியில் வேறெதுவும் எழுதவில்லை; 'தெரிந்துதான்' என்று மட்டும் இருக்கிறது.

ரஜா முழுவதும் அப்படியே போயிற்று. ஒவ்வொரு மாலையும் தாளைக் கிழித்து, சிவப்பைத் தொட்டுப் பார்த்து, என் கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் போவாள். சிவப்பு நாளுக்கு நாள் வெளுத்து, என் உள்ளங்கையில் ஒன்றுமே இல்லாமல் போன பிறகும் பார்த்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின மாலை. நான் கொஞ்சம் சீக்கிரமே பின்னத் தொடங்கினேன். விரல்கள் நன்றாக இருந்தன. எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். அவள் எழுந்து போய்க் கிழித்தாள். கறுப்பு. முகர்ந்தாள், தேய்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இட்லி சாப்பிட்டாள். அலமாரியிலிருந்து ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அதுவரை, வீட்டில் இருக்கிற நாட்களில் கணவர்தான் அவளோடு நிற்பார். நான் வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று எனக்கு நிற்க வேண்டும் போலிருந்தது. அவள் தெருமுனையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தெருவிளக்கு எரிந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், அழுத்தமாக, எலும்பு தெரிகிற மாதிரி. அந்த இடத்தில் எனக்கு வலி இல்லை.

எதிர் வீட்டு அக்கா முறத்தோடு வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்தார். ரஜா முடிந்தது என்று அவருக்குத் தெரியும். காலண்டரை அவர் அரை மணி நேரம் முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"இன்னா, வண்டி இன்னும் வரலியா?" என்றார்.

"லேட்டா வருதுக்கா," என்றேன்.

"வரும் வரும். வராம எங்க போவப் போவுது," என்று சொல்லிவிட்டு அவரும் அங்கேயே படியில் உட்கார்ந்து அரிசி புடைக்கத் தொடங்கினார்.

காலையில் வந்தது.